ஜிஎஸ்டி ஆர்டர் வந்த மறுநாளே வங்கிக் கணக்கில் கை வைக்க முடியுமா?

காசோலை திரும்பி வந்த பிறகுதான் பல வியாபாரிகளுக்கு விஷயமே தெரிய வருகிறது. வங்கிக்கு ஓடினால் மேலாளர் ஒரு தாளைக் காட்டுவார். டிஆர்சி-13 என்று தலைப்பு இருக்கும். உங்கள் கணக்கில் உள்ள பணத்தை அரசுக்குக் கட்டச் சொல்லி வரி அலுவலர் வங்கிக்கு அனுப்பிய நோட்டீஸ் அது. அப்புறம் அவசர அவசரமாக ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்து தேடினால், கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள் என்ற மூலையில் ஷோகாஸ் நோட்டீஸ், அதாவது காரணம் கேட்கும் நோட்டீஸ் ஒன்றும், அதற்கு யாரும் பதில் போடாததால் ஒருதலையாகப் போட்ட ஆர்டர் ஒன்றும் மாதக்கணக்காகக் கிடக்கும். "இது நான் ஒத்துக்கொள்ளாத வரி, தகராறில் இருக்கிற தொகை, இதை எப்படி எடுக்கலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு தப்பான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நாம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதாலேயே வசூல் நின்றுவிடாது. ஆடிட்டரிடம் புலம்பினாலும் நிற்காது, அலுவலகத்துக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தாலும் நிற்காது. எந்த அதிகாரியிடம் மேல்முறையீடு, எத்தனை நாளுக்குள், எவ்வளவு கட்டிவிட்டு என்றெல்லாம் சட்டம் எழுதி வைத்திருக்கிறது, அந்த வழியில் போனால்தான் நிற்கும். அப்படிப் போனால் நீதிமன்றத்தில் ஸ்டே கேட்காமலேயே நிற்கும் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி.

அடித்தளம் அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது என்கிறது அது. விதிப்பது, வசூலிப்பது என்று இரண்டு வார்த்தையைப் போட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வரி போட சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதை உங்கள் பையிலிருந்து எடுக்கும் முறைக்கும் சட்டம் வேண்டும். நடுவில் இன்னொரு படியும் இருக்கிறது, இன்ன வியாபாரி இவ்வளவு கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் படி. இந்த மூன்றையும் துறை ஒரே மூச்சில் தாண்ட முயலும்போதுதான் வழக்குகள் முளைக்கின்றன. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது நம் பழைய சென்னை மாகாணம்தான், 1939இல், ராஜாஜி அரசு. அதற்கப்புறம் 1959 சட்டம், 2007 ஜனவரியிலிருந்து வாட், 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், கேட்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்ற சண்டை மாறவே இல்லை.

சரி, நோட்டீஸிலிருந்து தொடங்கலாம். டிஆர்சி-01 என்று ஒரு ஷோகாஸ் நோட்டீஸ் வந்தால் அது வெறும் கேள்விதான். அதில் 12 லட்சம் என்று எழுதியிருந்தாலும் அந்த நிமிடத்தில் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கடன்பட்டவர் ஆகவில்லை. பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். எழுத்தில் கேட்டாலோ, உங்களுக்குப் பாதகமாக ஆர்டர் போடப் போகிறார்கள் என்றாலோ நேரில் விசாரித்தே ஆக வேண்டும், இது ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 75(4). அதாவது நீங்கள் கேட்காவிட்டால்கூட, பாதகமான ஆர்டர் என்றால் விசாரணை கட்டாயம். பதில் படிவத்தில் நேரடி விசாரணை வேண்டுமா என்ற இடத்தில் வேண்டாம் என்று குறித்துவிட்டார்கள் என்பதைக் காரணம் காட்டி விசாரிக்காமல் போட்ட ஆர்டர்கள் பல உயர் நீதிமன்றங்களில் ரத்தாகியிருக்கின்றன. போதுமான காரணம் காட்டினால் வாய்தாவும் உண்டு, ஆனால் மூன்று தடவைக்கு மேல் கிடையாது.

அதே பிரிவில் 75(7) என்று ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது, வியாபாரிகள் பக்கத்தில் இவ்வளவு பலமான வாசகம் அந்தச் சட்டத்தில் வேறு இல்லை என்று எனக்குத் தோன்றும். நோட்டீஸில் கேட்ட தொகையை விட அதிகமாக ஆர்டரில் போடக் கூடாது, நோட்டீஸில் சொல்லாத காரணத்தை ஆர்டரில் நுழைக்கக் கூடாது. நோட்டீஸில் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொள்கிற வரி) வித்தியாசம் என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆர்டரில் 'பொருளே நகரவில்லை, எல்லாம் போலி பில்' என்று எழுதினால் அந்த ஆர்டர் நிற்பது கஷ்டம். ஆர்டர் வந்ததும் நோட்டீஸைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

காலக்கெடுவும் ஒரு வேலிதான். 2023-24 வரையான ஆண்டுகளுக்கு இரண்டு தனித்தனிப் பிரிவுகள். மோசடி இல்லாத வழக்கு என்றால் 73, ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஆர்டர். மோசடி, வேண்டுமென்றே மறைத்தது என்றால் 74, ஐந்து வருடம். 2024-25 முதல் இரண்டையும் சேர்த்து 74ஏ என்று ஒன்றாக்கிவிட்டார்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 42 மாதத்துக்குள் நோட்டீஸ், நோட்டீஸிலிருந்து 12 மாதத்துக்குள் ஆர்டர், மேலதிகாரி காரணம் எழுதி அனுமதித்தால் இன்னும் ஆறு மாதம் வரை. சாதாரணக் கணக்கில் 2024-25க்கான கெடு 2025 டிசம்பர் 31 என்றால், நோட்டீஸ் 2029 ஜூன் 30க்குள் வந்தாக வேண்டும். ஒரு நிதியாண்டில் 1,000 ரூபாய்க்கும் குறைவான வரி என்றால் நோட்டீஸே கிடையாது. கெடுவுக்குள் ஆர்டர் வரவில்லையா, நடவடிக்கை முடிந்துவிட்டதாகவே சட்டம் கருதும், 75(10).

இந்தக் கெடுவைத்தான் அரசு கொரோனாவைக் காரணம் காட்டி நீட்டிக்கொண்டே போனது. 2018-19க்கு 2024 ஏப்ரல் 30 வரை, 2019-20க்கு 2024 ஆகஸ்ட் 31 வரை என்று 2023 டிசம்பரில் ஒரு அறிவிப்பு, எண் 56. ஜிஎஸ்டி கவுன்சிலின் பரிந்துரையை முறையாகப் பெறாமல் போட்டது என்று குவாஹாத்தி உயர் நீதிமன்றம் 2024இல் அதை ஏற்க மறுத்தது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதே பக்கம் நின்றது. இப்படிப்பட்ட நீட்டிப்புகள் செல்லும் என்று சொன்ன உயர் நீதிமன்றங்களும் உண்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த ஆண்டுகளுக்கு ஆர்டர் வாங்கியவர்கள் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஆர்டர். ஆர்டருக்கான டிஆர்சி-07 படிவம் வந்துவிட்டது, தொகை இவ்வளவு என்று தீர்மானமாகிவிட்டது. மறுநாளே வங்கிக்கு எழுதலாமா? கூடாது. ஆர்டர் உங்களுக்குச் சார்வு செய்யப்பட்ட, அதாவது முறைப்படி உங்களிடம் சேர்க்கப்பட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் வசூல் தொடங்க முடியும் என்கிறது பிரிவு 78. அதில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, அரசின் வருவாய் நலனுக்கு அவசியம் என்று பட்டால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, அதைவிடக் குறைந்த நாளில் கட்டச் சொல்லலாம். விதிவிலக்கு என்று எழுதியதைச் சில இடங்களில் வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள், குறிப்பாக நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில், இலக்கு துரத்தும்போது. இதனால்தான் மத்திய மறைமுக வரி வாரியம் 2024 மே 30 அன்று ஓர் அறிவுறுத்தல் போட்டது. மூன்று மாதம் காத்திருப்பதுதான் பொது விதி. முன்கூட்டியே வசூலிக்க வேண்டுமென்றால் வசூல் செய்கிற உதவி ஆணையரோ துணை ஆணையரோ தானாக முடிவு செய்யக் கூடாது, காரணங்களோடு முதன்மை ஆணையர் அல்லது ஆணையரிடம் கொண்டுபோக வேண்டும், அவர் திருப்தியானால்தான் குறைந்த அவகாசத்துக்கு உத்தரவு போட முடியும். அந்தக் காரணமும் கண்மூடித்தனமாக இருக்கக் கூடாது. வியாபாரி கடையை மூடிவிட்டு ஓடப் பார்க்கிறார், திவாலாகப் போகிறார் என்பது போல அந்த ஆளுக்கே உரிய காரணமாக, சான்றோடு இருக்க வேண்டும். அந்த அறிவுறுத்தல் மத்திய அதிகாரிகளுக்கானது, ஆனால் மாநில அதிகாரி கையில் இருப்பதும் அதே வாசகம் கொண்ட பிரிவு 78தான்.

இப்போது மேல்முறையீடு, முழு விஷயத்தின் மையம் இதுதான். பிரிவு 107. ஆர்டர் கிடைத்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் ஏபிஎல்-01 என்ற மனுப் படிவம் போட வேண்டும். நீங்களே ஒத்துக்கொள்கிற தொகை இருந்தால் அதை வட்டி, அபராதத்தோடு முழுதாகக் கட்ட வேண்டும். ஒத்துக்கொள்ளாத வரியில் 10 சதவீதம் முன்வைப்பு, அதாவது மனு போடும்போதே கட்ட வேண்டிய பணம். இதற்கு உச்சவரம்பும் உண்டு, மத்திய வரிக்கு 20 கோடி, மாநில வரிக்கு 20 கோடி, முன்பு 25ஆக இருந்ததை 2024 நவம்பர் முதல் குறைத்தார்கள். இதைக் கட்டி மனு போட்டவுடன், மீதித் தொகைக்கான வசூல் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று 107(7) சொல்கிறது. கருதப்படும் என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. யாரும் தனியாக ஸ்டே ஆர்டர் போட வேண்டியதில்லை. பழைய வாட் காலத்தில் பணத்தைக் கட்டி அப்பீல் போட்ட பிறகும் மீதிக்கு ஸ்டே மனு, வங்கி உத்தரவாதம் என்று அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்டரில் வரி 8 லட்சம், வட்டி 5 லட்சம், அபராதம் 80,000, மொத்தம் 13 லட்சத்து 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். வரியில் 1 லட்சம் உண்மையிலேயே நம் தவறு என்று ஆடிட்டர் சொல்கிறார். அந்த 1 லட்சமும் அதற்கான வட்டி, அபராதமும் கட்ட வேண்டும். மீதி 7 லட்சத்தில் 10 சதவீதம் 70,000. கவனியுங்கள், 10 சதவீதம் வரிக்கு மட்டும்தான், வட்டிக்கும் அபராதத்துக்கும் கிடையாது. மொத்த 13.80 லட்சத்துக்கும் 10 சதவீதம் போட்டுக் கட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு, அது தேவையில்லாத செலவு. வரியே இல்லாமல் அபராதம் மட்டும் போட்ட ஆர்டர் என்றால் அபராதத்தில் 10 சதவீதம் என்று 2025இல் திருத்தம் வந்தது, அது வேறு கதை. கையில் ரொக்கம் இல்லாவிட்டால் கிரெடிட் லெட்ஜரில் உள்ள உள்ளீட்டு வரியிலிருந்தே முன்வைப்பைக் கட்டலாம் என்று பம்பாய், குஜராத் உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுவது இங்கேதான். பணம் கட்ட மூன்று மாதம், அப்பீல் போடவும் மூன்று மாதம், இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம் அதிகாரி மன்னிக்கலாம், அதற்கு மேல் அவருக்கு அதிகாரமே கிடையாது. அந்த நான்காவது மாதத்தில் உங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை. 78இன் மூன்று மாதம் முடிந்துவிட்டது, 107(7) இன்னும் தொடங்கவில்லை. கூடுதலாக ஒரு மாதம் இருக்கிறதே என்று அசால்ட்டாக இருந்தவரின் கணக்கு அந்த இடைவெளியில்தான் முடக்கப்படுகிறது, சட்டப்படியே.

முதல் அப்பீலிலும் தோற்றால் அடுத்தது ஜிஎஸ்டி தீர்ப்பாயம். அங்கே இன்னொரு 10 சதவீதம், முன்பு 20ஆக இருந்தது. அதைக் கட்டினால் மீண்டும் மீதி வசூல் தானாக நிற்கும், 112(9). கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பல வருடம் அப்படி ஒரு தீர்ப்பாயமே இல்லை. அதில் துறை உறுப்பினர்கள் நீதித் துறை உறுப்பினரை விட அதிகமாக இருப்பது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் சட்டப்பிரிவையே ரத்து செய்தது. அதன் பிறகு திருத்தம், நியமனம் என்று இழுத்து, 2025 செப்டம்பர் 24 அன்றுதான் டெல்லியில் தீர்ப்பாயத்தைத் தொடங்கி வைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் போக இடமில்லாத அப்பீலுக்காக வியாபாரி எதிரே துறை நின்று, 'நீ அப்பீல் போடவில்லையே, கட்டு' என்று கேட்ட வேடிக்கையும் நடந்தது. உயர் நீதிமன்றங்களில் ரிட் மனுக்கள் குவிந்தபின், 2024 ஜூலை 11 அன்று ஒரு சுற்றறிக்கை வந்தது, எண் 224. முன்வைப்புத் தொகையைப் போர்ட்டலில் கட்டிவிட்டு, தீர்ப்பாயம் வந்ததும் அப்பீல் போடுவேன் என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தால் வசூல் நிறுத்தி வைக்கப்படும் என்றது. எழுதிக் கொடுக்காமல் சும்மா இருந்தால் அப்பீல் போட விருப்பமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள் என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையிலேயே தகராறில் இருக்கிற வரிக்கு. நீங்களே ரிட்டர்னில் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்ட வரிக்கு இந்த வேலிகள் எதுவும் கிடையாது. பிரிவு 75(12) அதை நேரே வசூலுக்கு அனுப்புகிறது, ஷோகாஸ் நோட்டீஸ் இல்லை, ஆர்டர் இல்லை, மூன்று மாதம் இல்லை. 2022 ஜனவரி முதல் விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிய விற்பனை, வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியில் வராமல் போனால் அந்த வித்தியாசமும் 'தானே ஒத்துக்கொண்ட வரி' ஆகிவிடும். டைப் செய்யும்போது ஒரு பூஜ்யம் கூடிப்போனாலும் இப்படித்தானா என்று கேட்கலாம். அதற்காகத்தான் அந்த மாதமே, 7ஆம் தேதி, வசூலுக்கு முன் வியாபாரியிடம் விளக்கம் கேளுங்கள் என்று வாரியம் அறிவுறுத்தியது. பிறகு டிஆர்சி-01பி என்று ஒரு தகவல் படிவமும் வந்தது, போர்ட்டலே வித்தியாசத்தைக் காட்டி ஏழு நாளில் கட்டு அல்லது விளக்கம் சொல் என்கிறது. அதை மின்னஞ்சல் குப்பையில் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு பக்கவாட்டு வழி, பிரிவு 83, தற்காலிக அட்டாச்மென்ட். ஆர்டர் வருவதற்கு முன்பே, விசாரணை நடக்கும்போதே, வங்கிக் கணக்கு உட்பட எந்தச் சொத்தையும் முடக்கி வைக்கலாம். கேட்டால் பயமாக இருக்கும், பயப்பட வேண்டியதுதான். உச்ச நீதிமன்றமே 2021 ஏப்ரலில் ராதா கிருஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், ஹிமாசலப் பிரதேசத்திலிருந்து வந்த வழக்கு, இதை மிகக் கொடிய அதிகாரம் என்று சொன்னது. வருவாய் நலனைக் காக்க அட்டாச்மென்ட் தவிர வேறு வழியில்லை என்பதற்குக் கையில் தொட்டுக் காட்டக்கூடிய ஆதாரம் ஆணையரிடம் இருக்க வேண்டும், வெறும் சந்தேகம் போதாது. அதற்கு எதிராக டிஆர்சி-22ஏ படிவத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆணையர் விசாரித்துக் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் முடிந்தால் அட்டாச்மென்ட் தானாகச் செத்துவிடும். முடிந்ததும் அதே காரணத்துக்கு இன்னொன்று போட்டுப் புதுப்பித்துக்கொண்டே போவதை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூடாது என்று தடுத்துவிட்டது. உள்ளீட்டு வரியை லெட்ஜரில் பூட்டி வைக்கும் விதி 86ஏக்கும் இதே ஒரு வருட ஆயுள்தான்.

சோதனைக்கு வந்த இடத்தில் நள்ளிரவு வரை உட்கார வைத்து டிஆர்சி-03இல் கட்ட வைப்பது மூன்றாவது வழி, இதைச் சட்டம் தரவே இல்லை, பழக்கம் தந்தது. டிஆர்சி-03 என்பது நீங்களாக விரும்பிக் கட்டுவதற்கான படிவம். விருப்பம் என்று பெயர், கட்டுகிறவர் முகத்தைப் பார்த்தால் தெரியும் அது என்ன விருப்பம் என்று. 2022 மே 25 அன்று ஓர் அறிவுறுத்தல் வந்தது. சோதனை, ஆய்வு, விசாரணை நடக்கும்போது வரியை வசூலிக்கக் கட்டாயச் சூழ்நிலை எதுவும் இருக்க முடியாது, ஆர்டரோ ஒத்துக்கொண்ட ரிட்டர்னோ இருந்தால்தான் வசூல் என்று தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு ஜவுளி நிறுவன வழக்கில் இப்படிச் சோதனையின்போது கட்ட வைத்த பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. இது புதுப் பார்வையும் இல்லை. 1990இலேயே டாபர் வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்ட வேண்டியதில்லை என்று ஒருவர் வாதாடிக்கொண்டிருக்கும் தீர்வையை அரசு மிரட்டி வாங்குகிறது என்று இந்த நாட்டின் குடிமகன் சொல்லக் கேட்க நாங்கள் விரும்பவில்லை என்ற பொருளில் எழுதிவிட்டது.

மூன்று மாதம் முடிந்து, அப்பீலும் போடவில்லை என்றால் பிரிவு 79 திறந்துவிடும். உங்களுக்கு அரசு தர வேண்டிய தொகையில் பிடித்தம், துறையின் கையில் உள்ள சரக்கை விற்பது, வங்கிக்கோ உங்களுக்குப் பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கோ டிஆர்சி-13 அனுப்புவது, அசையும் அசையாச் சொத்தை ஜப்தி செய்வது, மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பி நிலவரி பாக்கி போல வசூலிப்பது, மாஜிஸ்திரேட்டிடம் போய் அபராதம் போல வசூலிப்பது. எல்லாவற்றிலும் துறைக்குப் பிடித்தது வங்கிதான், ஒரு கடிதத்தில் வேலை முடிகிறது. வாடிக்கையாளருக்கு டிஆர்சி-13 போவது அதைவிட மோசம், பணம் போவது ஒருபக்கம், சந்தையில் பெயர் போவது இன்னொரு பக்கம். அந்த வாடிக்கையாளர் நோட்டீஸைச் சும்மா போட்டுவிட்டால் அவரே பாக்கிக்காரர் ஆகிவிடுவார், ஆனால் நோட்டீஸ் வந்த தேதியில் தான் உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று நிரூபித்தால் அவரிடம் கேட்க முடியாது.

கம்பெனி மட்டும்தானே பொறுப்பு, என் வீடு தப்பிக்கும் என்று நினைக்கவும் கூடாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாமல் போனால், அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்தவர்கள் தங்கள் பக்கம் பெரும் கவனக்குறைவோ கடமை மீறலோ இல்லை என்று நிரூபிக்கும்வரை பொறுப்பாளிகள், பிரிவு 89. கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர்கள் எல்லோரும் பொறுப்பு. விலகியவர் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆணையருக்குத் தெரிவிக்காவிட்டால், தகவல் போய்ச் சேரும் தேதி வரை அவர் தலையிலும் இருக்கும்.

தமிழ்நாட்டில் இப்போது நடக்கிற வழக்குகளில் பெரும்பகுதி, நான் முதலில் சொன்ன அந்தப் போர்ட்டல் மூலையைப் பற்றியதுதான். போர்ட்டலில் ஏற்றினாலே சார்வு செய்ததாகும் என்று பிரிவு 169 சொல்கிறது, சட்டப்படி அது சரி. ஆனால் மூன்று நினைவூட்டல் போட்டும் பதிலே வரவில்லை என்றால், பதிவுத் தபால் போன்ற வேறு வழியையும் அதிகாரி முயன்று பார்க்க வேண்டாமா என்று சென்னை உயர் நீதிமன்றம் பல ஆணைகளில் கேட்டிருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், தகராறு வரியில் 10 அல்லது 25 சதவீதம் கட்டச் சொல்லி, ஆர்டரை ரத்து செய்து, வங்கி முடக்கத்தை நீக்கி, விசாரணையை முதலிலிருந்து நடத்தச் சொல்கிறார்கள். வியாபாரிக்கு மூச்சு வருகிறது, துறைக்கும் கொஞ்சம் பணம் வருகிறது. ஆனால் ரிட் என்பது உரிமையாகக் கிடைப்பது அல்ல, நீதிபதிக்குத் திருப்தி இருந்தால் கிடைப்பது. போர்ட்டலை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிற வேலையை வக்கீல் ஃபீஸ் கொடுத்துச் செய்துகொள்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சப்ளையர் வரி கட்டாததால் வாங்கியவரிடம் கேட்பது இன்னொரு பெரிய வகை. ரப்பர் ஷீட் வாங்கி விற்ற வியாபாரிகள் வழக்கில், விற்றவரை விசாரிக்காமலேயே, அவரிடம் வசூலிக்க எந்த முயற்சியும் எடுக்காமலேயே வாங்கியவர் மீது பாய்ந்தது தவறு என்று மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில் ஆர்டர்களை ரத்து செய்தது. பதில் எழுதும்போது இதைச் சுட்டிக்காட்டலாம். இதுவே போதும் என்று நம்பி உட்காரவும் கூடாது, ஏனென்றால் சப்ளையர் வரியை அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 16(2)(சி)இல் அப்படியேதான் இருக்கிறது, அதை ஏற்ற உயர் நீதிமன்றங்களும் உண்டு.

வரி சரிதான், கட்டத்தான் முடியவில்லை என்பவருக்குத் தவணை இருக்கிறது, பிரிவு 80. டிஆர்சி-20இல் விண்ணப்பித்தால் அதிகபட்சம் 24 மாதத் தவணை, வட்டியோடு. ஒரு தவணை தவறினாலும் மொத்தமும் உடனே கேட்பார்கள். 25,000 ரூபாய்க்குக் குறைந்தால் தவணை இல்லை, ரிட்டர்னில் தானே காட்டிய வரிக்கும் இல்லை. 2017-18 முதல் 2019-20 வரையான 73 வழக்குகளுக்கு வரியை மட்டும் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்ற 128ஏ வாய்ப்புக்கு, 2025 மார்ச் 31க்குள் வரியைக் கட்டியிருக்க வேண்டும்.

கடைசியாக, அப்பீலில் ஜெயித்தவர்கள் செய்கிற ஒரு தவறு. கட்டிய 10 சதவீதம் தானாகக் கணக்குக்கு வந்துவிடும் என்று காத்திருப்பார்கள், வராது. ஆர்எஃப்டி-01இல் விண்ணப்பம் போட வேண்டும், பணம் கட்டிய தேதியிலிருந்தே வட்டி தர வேண்டும் என்று பிரிவு 115 சொல்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். பிரிவு 54 படி ரீஃபண்டுக்கு இரண்டு வருடக் கெடு, அது அப்பீல் ஆர்டர் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. அந்த ஆர்டரும் போர்ட்டலில்தான் வரும்.